பின்னறிவின் கணக்கு நாணயமானதா?

2025 அக்டோபரில் சென்னையில் ஒரு சவரன் ஆபரணத் தங்கத்தின் விலை 90,000 ரூபாயைக் கடந்தது. அந்த வாரத்தில் நான் சந்தித்த பலரிடமும் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. "அன்றைக்கே வாங்கிப் போட்டிருந்தால்..." என்று அது தொடங்கும். ஒருவருக்குத் தங்கம், இன்னொருவருக்குப் புறநகர் மனை, மற்றொருவருக்குப் பங்கு. பொருள் மாறுகிறது, வாக்கியம் மாறுவதில்லை. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்னும் பழமொழியைப் பிறரைப் பார்த்துத்தான் சொல்கிறோம். நாமே அதைச் செய்யும்போது அதற்கு 'அனுபவம்' என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

என்னிடமும் அப்படியொரு வாக்கியம் இருந்தது. பல ஆண்டுகளாக அதை வீட்டில் சாப்பாட்டு வேளையிலும் உறவினர் கூடும் இடங்களிலும் சொல்லி வந்தேன். அது தீங்கற்ற புலம்பல் என்றே எண்ணியிருந்தேன். அப்படியல்ல என்பதைக் கடந்த ஆண்டு அறிந்துகொண்டேன்.

நான் அரசுக் கல்லூரியில் பொருளியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். 'வாய்ப்புச் செலவு' என்னும் கருத்தை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் விட்டுக்கொடுக்கும் அடுத்த சிறந்த வாய்ப்பே அதன் உண்மையான செலவு என்பது அதன் சாரம். அப்படிக் கற்பித்தவனே 1994 முதல் 2003 வரை பத்தாண்டுகள், மாதம் சுமார் 500 ரூபாயை நாணயங்கள் வாங்குவதில் செலவிட்டேன். மொத்தம் 60,000 ரூபாய். அரசு வெளியிட்ட நினைவு நாணயத் தொகுப்புகள், ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த வெள்ளி ரூபாய்கள், ஓட்டைக் காலணா, 1957-இல் தசம முறை வந்தபோது வெளியான நயா பைசா எனப் பெட்டி நிறைந்தது.

நான் கரூரில் பிறந்தவன். அமராவதி ஆற்று மணலில் சங்ககாலக் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்த ஊர் அது. நாணயங்களின் மீதான ஆசை எனக்கு அங்கே தொடங்கியது. ஆனால், ஆசை என்று மட்டும் சொன்னால் வீட்டில் எடுபடாது. ஆகவே, "இது செலவில்லை, முதலீடு, பையனின் படிப்புக்கு ஆகும்" என்று சொன்னேன். சொல்லச் சொல்ல நானும் அதை நம்பிவிட்டேன்.

2009-இல் மகனுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு மூன்று நாணய வணிகர்களிடம் சென்றேன். அவர்கள் கேட்ட விலைகளில் உயர்ந்தது 45,000 ரூபாய். நான் போட்ட பணத்தில் முக்கால் பங்கு. நினைவு நாணயங்களை முகமதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாகவும், வெள்ளி ரூபாய்களை வெள்ளியின் எடைக்கும் மதிப்பிட்டார்கள். விற்க மனமின்றித் திரும்பினேன். கல்விக் கடன் வரும்வரை, முதல் ஆண்டுக் கட்டணத்துக்காக என் மனைவியின் வளையல்கள் நகைக்கடனுக்குச் சென்றன. அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் என் கணக்குத் தொடங்கியது. அதே 500 ரூபாயை மாதந்தோறும் சென்செக்ஸ் பங்குகளில் போட்டிருந்தால்? அந்தப் பத்தாண்டுகளில் சென்செக்ஸ் பெரும்பாலும் 3,000-க்கும் 5,000-க்கும் இடையே இருந்தது. 2025-இல் அது 80,000-க்கு மேல். ஈவுத்தொகையைச் சேர்க்காமலே என் 60,000 ரூபாய் இன்று 13 லட்சம் ரூபாய் அளவுக்கு வளர்ந்திருக்கும். நாணயப் பெட்டிக்கு இன்று கிடைக்கும் விலை, வெள்ளி விலை ஏறிய பிறகும், 1,70,000 ரூபாய். ஆண்டுதோறும் சென்செக்ஸ் ஏற ஏற இந்தக் கணக்கைப் புதுப்பித்து, வீட்டில் அறிவித்து வந்தேன்.

என் மகன் மென்பொருள் துறையில் பணியாற்றுகிறான். 2021-இல் பங்குச்சந்தையில் நுழைந்தான், நான் மகிழ்ந்தேன். அடுத்த ஆண்டே 'எஃப் அண்ட் ஓ' எனப்படும் முன்பேர, விருப்ப ஒப்பந்தங்களுக்கு மாறினான். அது எனக்குத் தெரியாது. இரண்டரை ஆண்டுகளில் ஆறு லட்சம் ரூபாய் போயிற்று. அதில் பாதி கடன். கடந்த ஆண்டு அதை எங்களிடம் சொன்னபோது, "ஏன்?" என்று மட்டும் கேட்டேன். "நீங்க விட்டதை நான் விட்டுடக் கூடாதுன்னு நினைச்சேன்பா" என்றான்.

அன்றிரவு என் கணக்கை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். கூட்டலிலோ பெருக்கலிலோ பிழையில்லை. ஆனால், மாணவர் ஒருவர் தேர்வில் இப்படி எழுதியிருந்தால் நான் மதிப்பெண் அளித்திருக்க மாட்டேன். 'அடுத்த சிறந்த வாய்ப்பு' எதுவென்பது முடிவெடுக்கும் நாளில் தீர்மானமாக வேண்டும். நானோ முப்பது ஆண்டுகள் கழித்து, ஓட்டம் முடிந்த பின், வென்ற குதிரையைக் காட்டி 'அதுதான் என் மாற்று வாய்ப்பு' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

1994-இல் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரருக்குப் பங்குச்சந்தை எப்படித் தெரிந்தது? ஹர்ஷத் மேத்தா விவகாரம் வெடித்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1992 ஏப்ரலில் 4,467 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், அடுத்த ஓராண்டில் பாதிக்கு மேல் சரிந்திருந்தது. பங்குகள் காகிதச் சான்றிதழ்களாக இருந்தன. கையொப்பம் பொருந்தவில்லை என்று அவை திரும்பிவரும், அஞ்சலில் தொலையும். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் முறை 1996-இன் இறுதியில்தான் வந்தது. சென்செக்ஸையோ நிஃப்டியையோ அப்படியே பின்பற்றும் குறியீட்டு நிதிகள் நம் நாட்டில் அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் அறிமுகமாயின. அதாவது, நான் எந்தப் பொருளை வாங்காமல் விட்டேன் என்று வருந்தினேனோ, அந்தப் பொருள் நான் சேமிக்கத் தொடங்கியபோது கடையில் இல்லை.

கடையில் இருந்தவை வேறு. 1994 ஜனவரியில் மக்கள் நீண்ட வரிசையில் நின்று வாங்கிய ஒரு பரஸ்பர நிதி, பல ஆண்டுகள் முகமதிப்பான பத்து ரூபாய்க்கும் கீழே விலைபோனது. தேக்குமரத் திட்டங்கள் இருபது ஆண்டுகளில் லட்சாதிபதியாக்குவதாகச் சொல்லி, மரமும் பணமும் இல்லாமல் முடிந்தன. புதிய பங்கு வெளியீடுகள் பெருகிய அந்த ஆண்டுகளில், மக்களிடம் பணம் திரட்டிவிட்டு முகவரியே இல்லாமல் போன நிறுவனங்களுக்கு அரசுப் பதிவேடுகளில் 'மறைந்துபோன நிறுவனங்கள்' என்று தனி வகைப்பாடே உண்டு. நடுத்தரக் குடும்பங்கள் அரசின் உத்தரவாதம் போலவே நம்பிய யூனிட் டிரஸ்டின் 'யூ.எஸ். 64' திட்டம், 2001 ஜூலையில் யூனிட்டுகளைத் திரும்பப் பெறுவதை நிறுத்திவைத்தது. நான் நாணயங்களை விட்டுவிட்டு 'சந்தைக்கு' சென்றிருந்தால், இவற்றில் ஒன்றில் விழுந்திருக்கவும் வாய்ப்பு இருந்தது.

நல்ல பங்குகளையே தேர்ந்தெடுத்திருப்பேன் என்று வைத்துக்கொண்டாலும், அவற்றை வைத்திருந்திருப்பேனா? 2003 ஏப்ரலில் சென்செக்ஸ் 3,000-க்கும் கீழே இருந்தது. 1992-இன் உச்சத்துக்குப் பதினோரு ஆண்டுகள் கழித்தும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மாதம் தவறாமல் ஒன்பது ஆண்டுகள் பங்கு வாங்கி வந்தவரின் முதலீடு, அன்று அவர் போட்ட முதலைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். அந்த ஏப்ரலில் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. 13 லட்சம் என்னும் தொகை, அந்த ஒன்பது ஆண்டுகளும் 2008-இன் வீழ்ச்சியும் 2020 மார்ச்சின் பீதியும் கண்ணில் படாதவருக்கு மட்டுமே கிடைக்கக்கூடிய தொகை. நேரில் வாழ்ந்தவருக்கு அது அவ்வளவு எளிதன்று.

இன்னொன்றும் உண்டு. 1986-இல் சென்செக்ஸ் அறிமுகமானபோது அதில் இடம்பெற்ற 30 நிறுவனங்களில் இந்துஸ்தான் மோட்டார்ஸும் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் இருந்தன. அம்பாசிடரும் பத்மினியும் அன்றைய வெற்றியின் அடையாளங்கள். இன்று அந்தப் பட்டியலில் அவை இல்லை. குறியீட்டெண் நலிந்தவற்றை நீக்கித் தழைத்தவற்றைச் சேர்த்துக்கொள்ளும். பெட்டியில் பங்குச் சான்றிதழை வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

பின்னறிவு ஏன் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறது என்பதற்கு உளவியல் அரை நூற்றாண்டுக்கு முன்பே விடை தேடியது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் செல்லவிருந்தபோது, அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்புண்டு என்று பாரூக் ஃபிஷோஃபும் ரூத் பெய்த்தும் மாணவர்களைக் கணிக்கச் சொன்னார்கள். பயணங்கள் முடிந்த பின், முன்பு என்ன கணித்தீர்கள் என்று நினைவுகூரச் சொன்னார்கள். நடந்துவிட்ட நிகழ்வுகளுக்குத் தாங்கள் உண்மையில் அளித்ததைவிடக் கூடுதல் வாய்ப்பை அளித்ததாகவே பலர் நினைவுகூர்ந்தனர். முடிவு தெரிந்ததும் மனம் தன் பழைய அறியாமையைத் திருத்தி எழுதிவிடுகிறது. 'எனக்கு அப்போதே தெரியும்' என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் பொய் சொல்வதில்லை; அப்படித்தான் நமக்கு நினைவிருக்கிறது.

இவ்வளவும் சொன்னதால் நாணயங்கள் நல்ல முதலீடு என்று நான் வாதிடுவதாக வாசகர்கள் கருதிவிட வேண்டாம். அவையும் தேறவில்லை. வருமானவரித் துறை பயன்படுத்தும் பணவீக்கக் குறியீட்டில் 2001-02 ஆம் ஆண்டு 100. 2025-26 ஆம் ஆண்டு 376. என் 60,000 ரூபாயை அந்த விகிதத்தில் உயர்த்தினாலே 2,25,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. நாணயப் பெட்டி அதைக்கூட எட்டவில்லை.

காரணம் எளியது. பங்கு ஈவுத்தொகை தரும். வைப்புநிதி வட்டி தரும். நாணயம் பெட்டியில் இருக்கும்வரை எதையும் தராது. வாங்கும்போது வணிகரின் லாபத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம். விற்கும்போது அவருடைய அடுத்த லாபத்தைக் கழித்துக்கொண்டு பெறுகிறோம். 'நினைவு நாணயம்' என்ற பெயர் அருமையைக் குறிப்பதில்லை. நாணயச்சாலை முன்பதிவு பெற்று அச்சிட்டு விற்பது அது. என்னைப் போலவே பலரும் பிரிக்காத உறையோடு பாதுகாத்து வைத்திருக்கும் பொருள் எப்படி அரிதாகும்? உண்மையிலேயே பழைய நாணயம் என்றால் வேறொரு தடை. நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே சந்தை நாட்டுக்குள்ளேயே சுருங்கிவிடுகிறது.

அரிய நாணயமாக இருந்தால் மட்டும்? உலகிலேயே ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போன நாணயத்தை எடுத்துக்கொள்வோம். 1933-இல் அமெரிக்காவில் அச்சிடப்பட்டு, புழக்கத்துக்கு விடாமலே உருக்கப்பட்ட இருபது டாலர் தங்க நாணயங்களில், தனியார் சட்டப்படி வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட ஒரே நாணயம் அது. 2002 ஜூலையில் 75.9 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அந்தத் தொகையில், நாணயத்தை முறைப்படி புழக்கத்துக்கு விட்டதாகக் கணக்கு வைக்க அமெரிக்கக் கருவூலத்துக்குச் செலுத்திய இருபது டாலரும் அடக்கம். 2021 ஜூனில் அது 1.88 கோடி டாலருக்கு மீண்டும் விற்றது. பத்தொன்பது ஆண்டுகளில் இரண்டரை மடங்கு. ஆண்டுக்கு ஐந்து விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. ஏல நிறுவனத்தின் கட்டணமும் அந்த விலைக்குள் இருப்பதால் விற்றவருக்குக் கிடைத்தது இன்னும் குறைவு. அதே காலத்தில் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண் 900 அளவிலிருந்து 4,200-ஐத் தாண்டியது. உலகின் தலைசிறந்த நாணயமே குறியீட்டெண்ணிடம் தோற்றிருக்கும்போது, என் ஓட்டைக் காலணா என்ன செய்யும்?

அப்படியானால் என் உண்மையான இழப்பு எவ்வளவு? 1994-இல் எனக்கு எட்டக்கூடியதாக, நான் அறிந்ததாக, என் மனத்துணிவுக்குப் பொருந்தியதாக இருந்த மாற்று ஒன்று உண்டு. அஞ்சலகத்திலும் வங்கியிலும் கிடைத்த பொது வருங்கால வைப்பு நிதி. 2000 ஜனவரி வரை அதற்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. பின்னர் படிப்படியாகக் குறைந்து, 2020 ஏப்ரல் முதல் 7.1 விழுக்காடு. என் மாதம் 500 ரூபாய் அதில் சேர்ந்திருந்தால், நான் கணக்கிட்ட அளவில், இன்று ஏறத்தாழ ஐந்து லட்சம் ரூபாய். மகனின் கல்லூரிச் சேர்க்கை நடந்த 2009-இல் அது ஏறத்தாழ ஒன்றரை லட்சம்.

பங்குகளாக இருந்திருந்தால் 2009 ஆகஸ்டில் இரண்டரை லட்சம் அளவுக்குக் கிடைத்திருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால், அதே ஆண்டு மார்ச்சில் சென்செக்ஸ் 8,000-ஐ ஒட்டி இருந்தது. கட்டணம் செலுத்த வேண்டிய நாள் ஐந்து மாதம் முன்னதாக வந்திருந்தால் அந்தத் தொகை ஏறக்குறைய பாதி. நாள் குறித்த தேவைக்குச் சேமிப்பவருக்கு வைப்பு நிதியின் ஒன்றரை லட்சமே உறுதியானது. அது இருந்திருந்தால் என் மனைவியின் வளையல்கள் கையை விட்டுப் போயிருக்காது.

என் பிழை அதுதான். பங்குச்சந்தையைத் தவறவிட்டது என் பிழையன்று. பொழுதுபோக்குக்கு முதலீடு என்று பெயர் வைத்து, மகனின் படிப்பை அதன் தலையில் ஏற்றியதே என் பிழை. மாதம் 500 ரூபாயில் நூறு ரூபாயை நாணயத்துக்கும் நானூறு ரூபாயை வைப்பு நிதிக்கும் என்று பிரித்திருந்தால் இரண்டும் காப்பாற்றப்பட்டிருக்கும். இதை அறிய முப்பது ஆண்டு கழிந்த விலைப்பட்டியல் தேவையில்லை. 1994-இல் எனக்கிருந்த அறிவே போதுமானது. ஆனால், இந்தப் பிழையை ஒப்புக்கொள்வது கடினம். அதில் நான் பொறுப்பாளி. 13 லட்சம் போயிற்றே என்று புலம்புவது எளிது. அதில் நான் துரதிருஷ்டசாலி மட்டுமே. இத்தனை ஆண்டுகள் பெரிய தொகையைச் சொல்லிச் சிறிய உண்மையிலிருந்து தப்பித்து வந்திருக்கிறேன்.

அதன் விலையை மகன் கொடுத்தான். என் புலம்பலிலிருந்து அவன் கற்றுக்கொண்ட பாடம், 'தேவைக்கான பணத்தைத் தனியே வை' என்பதன்று. 'வாய்ப்பை விடாதே' என்பது. பொறுமைக்குப் பலன் தந்த முப்பது ஆண்டுக் கணக்கைக் கேட்டு வளர்ந்தவன், ஒரு வாரத்தில் காலாவதியாகும் ஒப்பந்தங்களை வாங்கினான். பின்னறிவு முடிவை மட்டுமே காட்டும். அதற்கு எடுத்த காலத்தைக் காட்டாது.

இது என் ஒரு வீட்டின் கதையன்று. நாட்டில் மின்னணுப் பங்குக் கணக்குகளின் எண்ணிக்கை 2020 மார்ச்சில் நான்கு கோடியளவில் இருந்தது. 2025 மார்ச்சில் 19 கோடியைத் தாண்டியது. சேமிப்பு சந்தைக்கு வருவது வரவேற்கத்தக்கதே. ஆனால், பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் முன்பேர, விருப்ப ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழப்பைச் சந்தித்தனர். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பை உயர்த்தியும், வாராந்தர ஒப்பந்தங்களைக் குறைத்தும் 2024 நவம்பர் முதல் கட்டுப்பாடுகள் வந்தன. அதன் பிறகும், 2024-25 நிதியாண்டில் 91 விழுக்காட்டினருக்கு இழப்பு என்றும், அந்த ஓராண்டின் நிகர இழப்பு ஒரு லட்சம் கோடி ரூபாயைக் கடந்தது என்றும் 2025 ஜூலையில் செபி தெரிவித்தது.

இவர்கள் அனைவரையும் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்குவது நியாயமன்று. அவர்களில் பலர் வருத்தத்தால் உந்தப்பட்டவர்கள். வருத்தம் இன்று ஒரு விற்பனைக் கருவி. 'இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பங்கில் பத்தாயிரம் ரூபாய் போட்டிருந்தால் இன்று எவ்வளவு?' என்று கைப்பேசித் திரை நாள்தோறும் கேட்கிறது. ஆயிரக்கணக்கான பங்குகளில் வென்ற ஒன்றை, வென்ற பிறகு எடுத்துக்காட்டுவதில் என்ன திறமை இருக்கிறது? ஆனாலும் அது வேலை செய்கிறது.

நாணயச் சந்தையிலும் இதே உத்திதான், திசை மட்டும் வேறு. 'வைஷ்ணவி தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயம் உங்களிடம் உள்ளதா? லட்சக்கணக்கில் விலைபோகும்' என்னும் விளம்பரங்களைப் பார்க்காதவர் குறைவு. அந்த ஆசையில் தொடர்புகொள்வோரிடம், ரிசர்வ் வங்கியின் பெயரைப் பயன்படுத்திக் கட்டணமும் வரியும் கேட்டு ஏமாற்றும் வேலை நடந்தது. பழைய நோட்டு, நாணய வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்றும், யாருக்கும் அத்தகைய அதிகாரம் அளிக்கவில்லை என்றும் 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவிக்க நேர்ந்தது. நாணயம் வைத்திருப்பவரிடம் 'பங்கு வாங்காமல் விட்டாயே' என்றும், பங்கு வைத்திருப்பவரிடம் 'தங்கம் வாங்காமல் விட்டாயே' என்றும் சொல்ல ஆள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க யாராலும் முடியாது என்பதால் இந்த வணிகத்துக்கு வாடிக்கையாளர் பஞ்சமே இல்லை.

செய்யக்கூடியது என்ன? கடந்தகால வருவாய் எதிர்காலத்துக்கு உத்தரவாதமல்ல என்னும் எச்சரிக்கை, விளம்பரத்தின் இறுதியில் மூச்சுவிடாமல் வாசிக்கப்படுகிறது. அதற்குப் பதிலாக, ஒரு முதலீட்டின் நீண்டகால வருவாயைக் காட்டும் எந்த விளம்பரமும், அதே முதலீடு கண்ட மிக மோசமான வீழ்ச்சியையும், அதிலிருந்து மீள எடுத்துக்கொண்ட ஆண்டுகளையும் அதே அளவு எழுத்தில் காட்ட வேண்டும் என்று விதிக்கலாம். முப்பது ஆண்டு வளர்ச்சிக்கு அருகிலேயே 1992 முதல் 2003 வரையிலான பதினோரு ஆண்டுகளும் அச்சாகியிருந்தால், வருபவர் விழிப்போடு வருவார். பள்ளி, கல்லூரிகளில் நிதிக்கல்வி கற்பிப்போரும் கூட்டுவட்டிச் சூத்திரத்தோடு நிறுத்தாமல், ஒரு முடிவின் தரத்தையும் அதன் விளைவையும் பிரித்துப் பார்க்கக் கற்பிக்க வேண்டும். நல்ல முடிவு நட்டத்தில் முடியலாம். மோசமான முடிவு லாபத்தில் முடியலாம். இதை நான் முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் இருந்தும் கற்பிக்கவில்லை.

குடும்பங்களுக்குள் செய்ய வேண்டியது இன்னும் எளியது. முதலீட்டுக் கோட்பாட்டுக்காக 1990-இல் நோபல் பரிசு பெற்ற ஹாரி மார்க்கோவிட்ஸ், தன் ஓய்வூதியச் சேமிப்பைத் தன் கோட்பாட்டின்படிப் பிரிக்காமல், பங்குகளிலும் கடன்பத்திரங்களிலும் பாதிக்குப் பாதியாகப் போட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பங்கு ஏறினாலும் இறங்கினாலும் பிற்பாடு தனக்கு வரக்கூடிய வருத்தத்தைக் குறைப்பதே அவர் நோக்கம். வருத்தம் வருமென்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அதற்கேற்பத் திட்டமிட்டார். ஒரு முதலீட்டைத் தொடங்கும்போதே, எதற்காக, எத்தனை ஆண்டுக்காக, எந்த மாற்றை விட்டுவிட்டு என்று மூன்று வரி எழுதி வைத்தால் போதும். பிற்காலத்தில் நம்மை நாமே விசாரிக்கும்போது அந்தத் தாள்தான் சாட்சி. அன்றைய சென்செக்ஸ் சாட்சியாகாது.

மகன் இப்போது மாதத் தவணையில் கடனை அடைத்து வருகிறான். ஒப்பந்த வணிகத்தை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறான், நம்புகிறேன். 2009-இல் பெட்டியோடு அலைந்த கதையையும், வளையல்கள் போன கதையையும் அவனிடம் முழுமையாகச் சொன்னேன். அதுவரை அவனுக்குத் தெரிந்ததெல்லாம் 13 லட்சம் மட்டுமே.

நாணயங்களை விற்கவில்லை. அவற்றில் பலவற்றை வகுப்பறைக்கு எடுத்துச் சென்றிருக்கிறேன். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, அறுபத்து நான்கு காலணா என்னும் கணக்கு 1957-இல் எப்படி நூறு நயா பைசாவாக மாறியது என்பதை, அந்தக் காசுகளையே கையில் கொடுத்து விளக்கியிருக்கிறேன். அதற்குப் பத்தாண்டுகளில் 60,000 ரூபாய் செலவு. ஆம், செலவுதான். வீட்டுக் கணக்கு நோட்டில் அதை இப்போது அந்தத் தலைப்பின் கீழேயே எழுதி வைத்திருக்கிறேன்.